நின்றுபோன மோட்டரும் நான் வாங்கிய பிளக்கும்

அண்ணே,

இன்று காலை ஆஸ்பத்திரி அட்டையைக் காணோம் என்று மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தேன். அடியிலிருந்து அந்த ஸ்பார்க் பிளக் உருண்டு வந்து விரலில் இடித்தது. உங்கள் மோட்டருக்கு என்று செனாய் கடைத்தெருவில் நான் வாங்கிய அதே பிளக்தான். அட்டைப்பெட்டி நிறம் மங்கி, ஒரு மூலையைக் கரப்பான் கடித்திருந்தது. பிளக் மட்டும் வாங்கிய அன்று போலவே பளபளத்தது. ஒரு நாளும் வேலை செய்யாத சாமான் எப்படித் தேயும்?

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. திங்கள், புதன், வெள்ளி ரத்தம் சுத்தம் செய்ய ஓட்டம். இடைப்பட்ட நாள்களில் அந்த ஓட்டத்தின் அலுப்பு. ஞாயிறு ஒன்று மிச்சம். அன்றைக்குத் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலேயே பொழுது போய்விடும். உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் என் கை நின்றுபோனது, அண்ணே. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய், நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் தொடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலும் நீங்கள்தானே பொறுத்துக்கொண்டீர்கள்.

செனாயில் கடைவரிசையின் மாடியில் இருந்த டயாலிசிஸ் சென்டரில்தான் நாம் பழகியது. மாலை ஷிஃப்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீங்கள் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வந்த புதிதில் நான் யாரோடும் பேசமாட்டேன். நாளிதழை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொள்வேன். என் ரத்தம் குழாய்க்குள் ஓடி மெஷினுக்குப் போவதைப் பார்க்கப் பயம், வேறொன்றுமில்லை. நீங்கள் கொஞ்ச நாள் சும்மா கவனித்தீர்கள். பிறகு ஒருநாள் வாயைத் திறந்தீர்கள்.

“என்ன வாத்தியாரே, வந்ததுலேர்ந்து ஒரே பக்கத்தையே பாத்துட்டு இருக்கீங்க? மரண அறிவிப்புல நம்ம பேரு வந்துருச்சான்னு தேடுறீங்களா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாளிதழை மடித்து வைத்துவிட்டுத் திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து நான் அங்கே நாளிதழ் கொண்டு போனதில்லை. நீங்கள் பேசப் பேசவே நாலு மணி நேரம் ஓடிவிடும்.

கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தால்தான் அந்த மெஷினுக்கு வேண்டிய வேகத்தில் ரத்தம் வரும். அந்த நாளில் அதைத் தைக்க நமக்குத் தலைநகர் கே.எல்.தான் கதி. நம் பக்கத்தில் ரத்தக்குழாய்க்கென்று டாக்டர் கிடையாது. எனக்குத் தைத்தது ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு மணிக்கட்டில் தைத்தது சில மாதத்திலேயே அடைத்துவிட்டது. மறுபடி முழங்கையில் தைக்கப் போனபோது பள்ளி விடுமுறை, நானும் துணைக்கு வந்தேன்.

அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பயணியாக உட்கார்ந்து உங்களுக்குப் பழக்கமே இல்லை. ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் உங்கள் இடது கால் வெறும் தரையை மிதித்தது. “இவன் கிளச்சை எரிச்சே கொல்றான் வாத்தியாரே, நான் போயி உக்காந்துக்கவா?” என்று என் காதில் முணுமுணுத்தீர்கள். யோங் பெங்கில் நிறுத்தியபோது உண்மையாகவே முன்னால் போய் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் நம்மைத் திரும்பியே பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று என் கையை இழுத்து உங்கள் முழங்கை மேல் வைத்தீர்கள். தோலுக்கு அடியில் கிர்ரென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் வேகமாகப் பாய்கிற துடிப்பு.

“தெரியுதா? டீசல் மோட்டர்!”

“அதுக்கு அதிர்வுன்னு பேரு, அண்ணே.”

“அதிர்வெல்லாம் நிலநடுக்கத்துக்கு. இது மோட்டர் லா, வாத்தியாரே. இது ஓடுற வரைக்கும் நாமளும் ஓடுவோம்.”

அந்தச் சொல் சென்டர் முழுக்கப் பரவிவிட்டது. படியேறி வருகிறவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டு, “மோட்டர் ஓடுதா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூலை நாற்காலியில் இருந்த மலாய்க்காரப் பெரியவர்கூட, “மோட்டர் ஜாலான்?” என்று உங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். நான் மட்டும் பிடிவாதமாக அதைச் சொல்லவில்லை. நம் ஊரில் மோட்டர் என்றால் மோட்டார் சைக்கிள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரி சரசுவிடமும் நான் ‘அதிர்வு’ என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் வைத்த பெயர் நம் மாடிப்படியைத் தாண்டி என் வீட்டுக்கு வரவே இல்லை.

அப்புறம் அந்த நாள்.

வகுப்புக்குள் போனால் நான் கைப்பேசியை அணைத்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்குப் பேசியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மா வழக்கம்போல விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார்கள். மதியம் நான் வந்து சட்டையைக் கழற்றும்போது சரசு அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

“காலையில அண்ணன் போன் பண்ணாங்க. மோட்டர் ரோசாக்காம். உங்களைக் கொஞ்சம் வரச் சொன்னாங்க.”

“அவசரமாமா?”

“நானும் அதத்தான் கேட்டேன். இல்லம்மா, ஸ்கூல் முடிஞ்சு சாப்ட்டுட்டு வரட்டும், வாத்தியார்கிட்ட சொல்லிடுங்கன்னாங்க.”

நீங்கள் சொன்னது ‘மோட்டர் நின்னுடுச்சு’. சரசு காதுக்குள் போய் வாய் வழியாக வரும்போது அது ‘ரோசாக்’, ரிப்பேர் என்று ஆகிவிட்டது. அவளைச் சொல்லி என்ன? மோட்டர் நின்றுவிட்டது என்று யாராவது போனில் சொன்னால் ஜொகூரில் பிறந்த எவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இருந்திருந்து உங்களைத்தான் திட்டத் தோன்றுகிறது. உயிர் போகிற சங்கதிக்கு, சோறு தின்றுவிட்டு வா என்று சொல்லி அனுப்புகிற மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான், அண்ணே.

சொன்னபடியே நான் சாப்பிட்டேன். உங்கள் பழைய ஹோண்டாவில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு மெக்கானிக் வேலையில் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். வழியில் கடையில் நிறுத்தி ஒரு பிளக் வாங்கிக்கொண்டு, பெரிய கெட்டிக்காரன் போல உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் ஹோண்டா ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

“என்ன வாத்தியாரே கையில?”

“பிளக்.”

நீங்கள் பிளக்கைப் பார்த்தீர்கள், ஹோண்டாவைப் பார்த்தீர்கள், பிறகு உங்கள் கையைப் பார்த்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தீர்கள். “அலமாக்! இத எங்க சொருகப் போறீங்க? இங்கயா?” என்று முழங்கையை நீட்டினீர்கள். நான் தொட்டுப் பார்த்தேன். கிர்ரென்ற ஓட்டம் இல்லை. கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. உங்கள் கண்ணில் சிரித்ததால் வந்த தண்ணீர் நிற்கவே இல்லை, துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் நல்ல பிள்ளை. தொட்டுப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார். அடைப்பை எடுக்கிற டாக்டர் கே.எல்.லில்தான் இருக்கிறார், அங்கேயும் கூட்டம், நாள் வாங்கித் தருகிறேன் என்றார். அதுவரைக்கும் டயாலிசிஸ் நிற்கக்கூடாதே, கழுத்தில் குழாய் போட்டு அனுப்பினார்கள். “சங்கிலி போட்டாச்சு, இனிமே யாரையாச்சும் கடிச்சா என்னைக் கேக்காதீங்க” என்றீர்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் கிருமி ஏறியது. குளிர்காய்ச்சலில் கட்டில் ஆடியது. கே.எல். போகக் குறித்த நாளுக்கு முன்பே உங்கள் கருமாதி முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் சரசு உள்ளே வரவில்லை. வெளியே கூடாரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் சொன்னாள்: “நான் ஒழுங்கா கேட்டு சொல்லியிருந்தா, அண்ணன் காலையிலயே போயிருப்பாங்க.” நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், அன்றைக்குக் காலையில் போனாலும் மாலையில் போனாலும் ஒன்றுதான் என்று. “என்னைச் சமாதானம் பண்ண சொல்றீங்க” என்று எழுந்து போய்விடுவாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ‘மோட்டர்’ என்கிற சொல் கிடையாது. தெருவில் போகிற மோட்டார் சைக்கிளைக்கூட அவள் ‘வண்டி’ என்றுதான் சொல்வாள். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டினோம்.

இதற்கிடையில் இங்கே என்னவெல்லாம் மாறிவிட்டது தெரியுமா? சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ரத்தக்குழாய்க்கென்று இப்போது ஜொகூர் பாருவிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். தனி கிளினிக், தனி ஸ்கேன், ஆபரேஷனுக்குத் தனி நாள். ஆனால் அந்தக் கிளினிக் வராந்தாவைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். நம்மைப்போலக் கையை நீட்டிக்கொண்டு கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாம் சர்க்கரையில் கால் கறுத்துப் போனவர்கள். கட்டுப்போட்ட பாதத்தை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, தங்கள் எண் எப்போது வரும் என்று திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். சிகாமட்டிலிருந்து வந்த ஒருத்தர் போன தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பாவுக்கு கால எடுத்துட்டாங்க சார். எனக்கு குழாய் விட்டு அடைப்ப தொறந்துட்டாங்க, கால் தப்பிச்சிருச்சு. ஆனா இங்க பார்க்கிங் தேடுறதுக்குள்ள, காலே போனாலும் பரவால்லன்னு ஆயிருது.”

நீங்கள் இருந்திருந்தால் அவரோடு உடனே ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். வசதி வந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே, அண்ணே.

போன வாரம், பல் துலக்கிக்கொண்டே வழக்கம்போலக் கையைத் தடவினேன். ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்திப் பார்த்தேன். காதருகே தூக்கிக் கேட்டேன். எனக்குத் தைக்கத் தோதாக இருப்பதும் இந்த ஒரு கைதான், அந்தக் கையில் ஊசி போட வசதியான வேறு இடமும் இனி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“சரசு! மோட்டர் நின்னுடுச்சு!”

ஆயுளில் முதல் தடவையாக என் கைக்கு நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதிர்வும் கிதிர்வும் எங்கே போனதோ! அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். தோசை கல்லிலேயே பாதி வெந்து கிடந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன், ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு.

அன்றைக்கே என்னை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மலாய்க்காரப் பெண் டாக்டர், நம் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, சின்னதாகக் கீறி, குழாய் விட்டு அடைப்பை இழுத்தாள். நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். திரையில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அடியில் லேசாக ஒரு உறுமல். அந்தப் பெண் என் விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினாள். எனக்கு அந்த நிமிஷத்தில் உங்கள் முழங்கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

வெளியே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் சரசுவைப் பார்த்துச் சிரித்த முகமாகச் சொன்னாள்: “நசிப் பாயிக் செப்பாட் டாதாங், மாக்சிக்.” நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று. பாவம், பாராட்டாகத்தான் சொன்னாள். சரசுவின் முகம் செத்துப்போனது. அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

“சீக்கிரம் வந்தா பொழைக்கலாம்” என்றாள். “அப்ப அன்னைக்கு?”

மயக்கமும் இல்லாத, தெளிவும் இல்லாத நிலை. எத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பதிலை மறுபடி சொல்ல எனக்குச் சக்தி இல்லை. அப்போது என் கட்டைச் சரிபார்க்க ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்தார். நரைத்த தலை, தமிழ்ப் பெண்மணி, ஓய்வுபெறப் போகிற வயசு. சரசு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ்ஸி, நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?”

“நான் வேலைக்கு வந்ததே இந்த ஆஸ்பத்திரிக்குத்தான்மா. ஏன்?”

“முன்னயெல்லாம் ஒருத்தருக்கு காலையில கை நின்னு, காலையிலயே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருப்பீங்களா? சாயங்காலம் வந்ததாலதான் போச்சா?”

சரசு யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று மிஸ்ஸி கேட்கவில்லை. கட்டின் ஓரத்தை ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இங்க யாரும்மா இருந்தா? கே.எல்.லேர்ந்து ஒரு டாக்டர் மாசத்துக்கு ஒருதரம் வந்து பாத்துட்டு போக ஆரம்பிச்சதே அப்புறந்தான். அதுக்கும் அப்புறம்தான் இங்கயே ஒருத்தரப் போட்டாங்க. அதுக்கு முன்னாடின்னா, நீங்க காலையில வந்தாலும் சாயங்காலம் வந்தாலும் வாசல்லயே படுத்திருந்தாலும் நாங்க ஒரே பதில்தான் சொல்லியிருப்போம். கழுத்துல குழாய், கே.எல்.லுக்கு நாள். அதச் சொல்லிச் சொல்லி எங்க வாயும் புளிச்சுப் போச்சும்மா.”

சரசு அந்த வராந்தாவிலேயே வாய்விட்டு அழுதாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, கால்கட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதல் வரவில்லை, அண்ணே, ஆத்திரம்தான் வந்தது. அரை நாள் பிந்தினால் நட்டம் என்று சொல்வதற்கே ஊரில் ஒரு டாக்டர் இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த அரை நாளுக்கு விலை இருந்தது. உங்களுக்கு இல்லை. அவள் அந்த அரை நாளைச் சுமந்து இத்தனை வருஷம் திரிந்திருக்கிறாள், அது ஒன்றுமில்லாத நாள். ஆத்திரமும் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு பழைய அலுப்பே வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று காலை நான் பிளக்கோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவள் வந்தாள். திட்டப்போகிறாள் என்று அதை உள்ளங்கையில் மூடப் பார்த்தேன்.

“இதையா இன்னும் வச்சிருக்கீங்க?” என்று வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இதப் போயி அவங்க கையில...” என்று சொல்ல வந்து முடிக்க முடியவில்லை. அண்ணே, உங்கள் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் யாரும் சிரித்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! துண்டால் பிளக்கைத் துடைத்து, கரப்பான் கடித்த அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு, இழுப்பறையில் முன்பக்கமாக வைத்தாள். நான் தேடிய அட்டையும் அங்கேதான் கிடந்தது.

பிறகு என் முழங்கைமேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுக்காமலே என்னிடம் தொற்றிக்கொண்ட பழக்கம், இப்போது அவளிடமும் தொற்றிவிட்டது.

“ஓடுதுங்க” என்றாள். “மோட்டர் ஓடுதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்லிவிட்டேன், அண்ணே.